நிவாரணம் கொடுத்தாச்சு, இழப்பீடு எங்கே?

தமிழில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. நிவாரணம், இழப்பீடு. செய்தித்தாள்கள் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடும். டிவியில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நிவாரணம் என்பது கொடுப்பவர் முடிவு செய்வது. எவ்வளவு, யாருக்கு, எப்போது என்பதெல்லாம் அவர் இஷ்டம். இழப்பீடு என்பது இழந்தவரின் கணக்கிலிருந்து தொடங்குவது. நான் இவ்வளவு இழந்தேன், அதற்குக் காரணம் நீ, எனவே அதை நீ எனக்குத் தரவேண்டும். முதலாவதற்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கும். இரண்டாவதற்கு ரசீது கொடுத்தால் போதும்.

வடசென்னைக்கு 2023 டிசம்பரில் நடந்தது, இழப்பீடாக வரவேண்டியது நிவாரணமாக வந்தது. பணம் போதுமா போதாதா என்பது அடுத்த சண்டை. ஒரு கடன் கருணையாக மாற்றப்பட்டது, அந்த மாற்றத்தை நாம் எல்லோரும் சேர்ந்து ஏற்றுக்கொண்டோம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் குற்றச்சாட்டு.

ஆறாயிரம்

முதலில் நியாயமாகச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மிக்ஜாம் புயல் டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னையைப் போட்டு அடித்துவிட்டு, 5ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே கரை கடந்தது. டிசம்பர் 17ஆம் தேதி ரேஷன் கடைகளில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். சென்னையிலும் திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களின் பாதிக்கப்பட்ட பகுதிகளிலும் சேர்த்து சுமார் 24 லட்சம் குடும்பங்கள், 1,455 கோடி ரூபாய். புயல் போய் இரண்டு வாரத்துக்குள் இத்தனை வீடுகளுக்குக் கையில் பணம் போய்ச் சேர்வது சாதாரண விஷயம் கிடையாது. சிஸ்டம் கட்டுகிற வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த அளவுக்கு ஒரு டெலிவரியை இரண்டு வாரத்தில் முடித்துக்காட்டுங்கள் என்றால் எங்கள் ஆபீஸில் முதல் வாரம் மீட்டிங்கிலேயே போய்விடும்.

இது சாத்தியமானதற்குக் காரணம் தமிழ்நாட்டின் பொது விநியோகம். ஏழை என்று நிரூபித்தால்தான் அட்டை என்ற நிபந்தனை இங்கே இல்லை. அட்டை எல்லோருக்கும் உண்டு, கடை நடக்கும் தூரத்தில் உண்டு. 2015 வெள்ளத்தில் கணக்கெடுத்து, பட்டியல் போட்டு, வங்கிக் கணக்கில் போடுகிறோம் என்று போனபோது எத்தனை பேர் பட்டியலுக்கும் பேங்க்குக்கும் நடுவில் அலைந்தார்கள் என்று அப்போது சென்னையில் இருந்தவர்களுக்குத் தெரியும். அந்த அனுபவத்தைப் பார்த்தால் 2023இன் ரொக்கம் நல்ல முடிவு. "டாஸ்மாக்குக்குத்தான் போகும்" என்று ஏசி அறையிலிருந்து ட்வீட் போட்டவர்களுக்கு நனைந்த மெத்தை என்ன விலை என்று தெரியாது.

ஆனால் இந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. ரேஷன் கடையின் மெஷினுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அட்டை. அட்டை இருக்கிறதா, எந்தக் கடையின் கீழ் வருகிறது. டோக்கனோடு வரிசையில் நின்ற அத்தனை குடும்பங்களுக்கும் தொகை ஒன்றுதான். கணுக்கால் தண்ணீர் வந்து வடிந்த மூன்றாவது மாடிக்கும் 6,000. எர்ணாவூரில் கழுத்தளவு தண்ணீரில், அதுவும் கறுப்பு எண்ணெய் மிதக்கும் தண்ணீரில், பீரோவிலிருந்து பிள்ளையின் நோட்டுப் புத்தகம் வரை போன வீட்டுக்கும் 6,000. டேபிளில் ஒரு விஷயத்துக்குக் காலம் இல்லை என்றால், அந்த விஷயம் உலகத்தில் நடக்கவே இல்லை என்றுதான் சிஸ்டம் நினைத்துக்கொள்ளும். இழப்பு என்ற காலமே இந்த டேபிளில் இல்லை.

முதல் வாரத்துக்கு அது சரி. பசிக்கிறவரிடம் ஃபார்ம் கொடுக்கக் கூடாது. ஆனால் முதல் வாரத்துக்கான விடையே கடைசி விடையாகவும் ஆகிவிட்டது. அதற்கப்புறம் யார் என்ன கேட்டாலும் பதில் ரெடி: "ஆறாயிரம் குடுத்தாச்சே, இன்னும் இன்னா?"

அட்டைக்குத் தெரியாதவர்கள்

அட்டை ஒரு குடும்பத்தைப் பார்க்கிறது, ஒரு முகவரியைப் பார்க்கிறது. வடசென்னை அப்படி வாழ்வதில்லை.

திருவொற்றியூரில் ஒரே வாசலுக்குள் நான்கு குடித்தனம் இருக்கும். கல்யாணமான மகனின் பெயர் இன்னும் அம்மாவின் அட்டையிலேயே இருக்கும், அவன் சமையல் தனி, வாடகை தனி, வெள்ளத்தில் போன கேஸ் அடுப்பும் தனி. அட்டை ஒன்று என்பதால் பணமும் ஒன்று. வாடகைக்கு இருப்பவரின் அட்டை விழுப்புரத்திலோ திருவண்ணாமலையிலோ இருக்கும். மணலியிலும் மீஞ்சூர் ரோட்டிலும் கன்டெய்னர் யார்டுகளில் வேலை செய்யும் ஒடிசா, பீகார் பையன்கள் தகர ஷெட்டில் பத்துப் பேராகத் தங்கியிருப்பார்கள். அரிசியும் கோதுமையும் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ என்ற பெயரில் எல்லை தாண்டி வரும். வெள்ளப் பணம் வராது.

விடுபட்டவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று சொன்னார்கள். லட்சக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள். விண்ணப்பம் வாங்கிக்கொள்வது ஒரு வேலை, பதில் சொல்வது இன்னொரு வேலை. ஒரு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் ஏன் என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கவேண்டும். அந்தக் காரணம் தப்பென்றால் யாரிடம் முறையிடுவது என்று இன்னொரு வரி. பத்து ரூபாய் ரீசார்ஜ் ஃபெயில் ஆனால் காரணம் சொல்லி மெசேஜ் வருகிற நாட்டில், வெள்ளத்தில் வீட்டைக் கழுவிக்கொண்டிருப்பவருக்கு அந்த இரண்டு வரி ஏன் கிடைக்கக்கூடாது?

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். கொடுப்பது கருணை என்றால், கொடுக்காததற்குக் காரணம் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. காரணம் சொல்லாமல் இருப்பது அலட்சியத்தால் மட்டும் வருவது இல்லை. அது நிவாரணம் என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

எண்ணெய் புயலில் வரவில்லை

இதுவரை சொன்னது சென்னை முழுவதற்கும் பொருந்தும். எண்ணூரின் கதை வேறு.

வங்கக் கடலில் உருவாகும் எந்தப் புயலும் ஃபர்னஸ் ஆயிலைக் கொண்டுவருவதில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் கழிமுகத்துக்கும் கடலுக்கும் போன எண்ணெய், மணலியிலிருந்து வந்தது. இந்தியன் ஆயிலின் துணை நிறுவனமான சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வந்தது என்று மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சொன்னது. எங்கள் குழாயில் கசிவு எதுவும் இல்லை என்பது நிறுவனத்தின் ஆரம்பப் பதில். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்தது.

அதற்கு நடுவில் காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், எண்ணூர் குப்பம், முகத்துவாரக்குப்பம் ஆட்கள் படகில் போய், வாளியாலும் மக்காலும் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் இதே வாளிதான். நடுவில் கிட்டத்தட்ட ஏழு ஆண்டுகள் போயிருக்கின்றன. நிலவில் சந்திரயான் இறங்கிய அதே ஆண்டில், ஒரு ஆற்றிலிருந்து எண்ணெயை எடுக்க நம்மிடம் இருந்த தொழில்நுட்பம் பக்கெட்.

பிறகு அரசின் அறிவிப்பு வந்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000. பாதிக்கப்பட்ட 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. மொத்தம் 8 கோடியே 68 லட்சம்.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2022-23 நிதியாண்டில் சிபிசிஎல்லின் நிகர லாபம் 3,500 கோடி ரூபாய்க்கு மேல். ஒரு நாளைக்கு ஒன்பதரைக் கோடி. அதாவது ஒரு ஆற்றுக்கும், ஒரு கழிமுகத்துக்கும், சுமார் ஒன்பதாயிரம் குடும்பங்களுக்கும் சேர்த்துப் போடப்பட்ட விலை, அந்த ஆலையின் ஒரு நாள் லாபத்தைவிடக் குறைவு. அந்தத் தொகை அறிவிக்கப்பட்டது ‘நிவாரணம்’ என்ற பெயரில், அரசின் பெயரில். பின்னால் யார் யாரிடம் வசூலித்தாலும், அது இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் நடக்கும் பைல். கழிமுகத்தில் நிற்பவருக்குத் தெரிவது ஒன்றுதான்: அரசு மனமிரங்கிக் கொடுத்தது. எண்ணெய் விட்டவர் படத்திலேயே இல்லை.

கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் ஒரு அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் படகு இல்லை, எனவே படகுப் பணம் இல்லை. பிடித்ததில் பாதி விற்பனைக்கு, பாதி வீட்டுக் குழம்புக்கு. சேற்றில் எண்ணெய் இறங்கிவிட்டால் அவருக்குப் போவது ஒரு மாதக் கூலி மட்டும் இல்லை. சேறு மறுபடி உயிரோடு வரும்வரை போகும் எல்லா மாதங்களின் கூலியும், அந்த எல்லா மாதங்களுக்கும் காசு கொடுத்து வாங்கவேண்டிய மீனும்தான். 7,500 என்ற எண் இந்தக் கணக்கைப் போட்டு வந்த விடையா? இல்லை. இவரிடம் கணக்கு கேட்காமல் வந்த எண்.

அமெரிக்காவை உதாரணம் காட்டுவது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் பிபி நிறுவனத்தின் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது, அந்த நிறுவனம் 2,000 கோடி டாலரை ஒதுக்க ஒப்புக்கொண்டது. பின்னர் வந்த சமரசத் தீர்வில், தான் பிடித்த மீனைத் தானே சாப்பிட்டு வாழ்ந்தவர்களுக்கு என்று தனி வகையே இருந்தது. அங்கேயும் பேப்பர் இல்லாதவர்கள் அல்லாடினார்கள்தான். ஆனால் ‘நீ தின்ற மீனுக்கும் விலை உண்டு’ என்று அந்தப் படிவத்துக்குத் தெரிந்திருந்தது.

சட்டம் ஏற்கெனவே சொல்லிவிட்டது

"இயற்கைச் சீற்றம் சார், வெள்ளம் வந்தா யார் என்ன பண்ண முடியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. இதற்குச் சட்டம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது.

1985 டிசம்பரில் டெல்லியில் ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு கசிந்தது. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் சொன்னது: ஆபத்தான பொருளை வைத்துத் தொழில் செய்பவர், அதிலிருந்து வரும் சேதத்துக்கு முழுப் பொறுப்பு. கவனமாக இருந்தேன், கடவுள் செயல் என்ற விதிவிலக்கு எதுவும் கிடையாது. ‘மாசுபடுத்தியவரே பணம் கட்டவேண்டும்’ என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று 1996இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்திய வழக்கு எங்கிருந்து போனது தெரியுமா? வேலூரிலிருந்து. பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைகளின் வழக்கு அது.

2010ஆம் ஆண்டின் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் இன்னும் தெளிவு. விபத்து என்றால், தவறு யாருடையது என்று நிரூபிக்கவேண்டிய சுமை பாதிக்கப்பட்டவருக்கு இல்லை. எதற்கெல்லாம் கேட்கலாம் என்று அதன் இரண்டாவது அட்டவணையில் பட்டியலே இருக்கிறது: மருத்துவச் செலவு, தனியார் சொத்துச் சேதம், தொழில் அல்லது வேலை இழப்பு, நீர்வாழ் உயிரினங்களின் அழிவு, மண்ணையும் நீரையும் மீட்கும் செலவு. அதே பட்டியலில் இன்னொரு வரியும் இருக்கிறது: நிவாரணத்துக்காக அரசு செய்த செலவு. அதாவது, அரசு கொடுக்கும் நிவாரணம் ஒரு தலைப்பு, மக்களின் இழப்பு வேறு தலைப்பு என்று சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. கலந்துவிட்டவர்கள் நாம்தான்.

ஒரு வேடிக்கை. போபாலுக்குப் பிறகு, 1991இல், பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் என்று ஒன்று வந்தது. ஆபத்தான பொருள்களால் விபத்து நடந்தால் கலெக்டரிடம் விண்ணப்பித்து உடனடி நிவாரணம் வாங்கலாம். அந்தச் சட்டம் வந்தபோது அதன் அட்டவணையில் தனியார் சொத்துச் சேதத்துக்கு இருந்த உச்சவரம்பு எவ்வளவு? 6,000 ரூபாய். மருத்துவச் செலவுக்கு? 12,500 ரூபாய். தற்செயல்தான், நான் சதி எதையும் சொல்லவில்லை. ஆனால் 1991இல் 6,000 ரூபாய்க்கு என்ன வாங்க முடிந்தது, 2023இல் என்ன வாங்க முடிந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கணக்கிலிருந்து வராத எண்களுக்கு வயதே ஆவதில்லை.

டெல்லியிடம் ஒரு நியாயம், எர்ணாவூருக்கு ஒரு நியாயம்

2023 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ஒன்றிய அரசிடம் முதலில் 5,060 கோடி இடைக்கால நிதி கேட்டது. தென் மாவட்ட வெள்ளமும் சேர்ந்தபின் மொத்தக் கோரிக்கை 37,907 கோடி. 2024 ஏப்ரலில் ஒன்றிய அரசு விடுவித்தது சுமார் 276 கோடி. மாநிலம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. போனது சரி. எங்களுக்கு ஏற்பட்ட சேதம் இவ்வளவு, நீங்கள் உங்கள் விதிமுறைக்குள் அடங்கும் ஒரு எண்ணைத் தூக்கிப் போடாதீர்கள், சேதத்தைப் பார்த்துக் கொடுங்கள் என்பது நூறு சதவீதம் நியாயமான வாதம்.

அந்த வாதத்தை அப்படியே எடுத்து, ‘மாநிலம்’ என்ற சொல் இருக்கும் இடத்தில் ‘எர்ணாவூர் வீடு’ என்று போட்டுப் படியுங்கள். கண்ட்ரோல் எஃப், ரீப்ளேஸ் ஆல். ஒரு எழுத்து தப்பாது. டெல்லியிடம் இழப்பீட்டின் மொழியில் பேசும் அரசு, தன் மக்களிடம் நிவாரணத்தின் மொழியில் பேசுகிறது. டெல்லி தமிழ்நாட்டைப் பார்க்கும் பார்வை, கோட்டை எண்ணூரைப் பார்க்கும் பார்வை. இதில் கட்சி வித்தியாசம் கிடையாது. 2015இல் வேறு கட்சி ஆட்சி, அப்போதும் வந்தது நிவாரணம்தான்.

"நடைமுறைக்கு ஒத்துவராது"

இதற்கு எதிராக ஒரு நல்ல வாதம் இருக்கிறது. ‘என்ன இழந்தாய்?’ என்று கேட்க ஆரம்பித்தால், கேட்பதற்கு ஒரு ஆள் வருவார். அவர் கையில் பேனா இருக்கும். பேனா இருக்கும் இடத்தில் கை நீளும். போனவருடம் செத்த ஃப்ரிட்ஜ் இந்த வருட வெள்ளத்தில் சாகும். எல்லோருக்கும் ஒரே தொகை என்றால் லஞ்சத்துக்கு இடமில்லை. நான் மதிக்கும் பலர் சொல்வது இது.

அதனால்தான் இரண்டையும் பிரிக்கச் சொல்கிறேன். முதல் இரண்டு வாரத்தில், கேள்வி கேட்காமல், எல்லோருக்கும் ஒரே தொகை. அது நிவாரணம். அதைத் தொடாதீர்கள். அதற்குப் பின் இழப்புப் பதிவேடு. மக்கள் தாங்களே சொல்வது, போட்டோ இருந்தால் போட்டோ, இல்லாவிட்டால் தெருவில் இருக்கும் மூன்று பேரின் சாட்சி. யார் என்ன சொன்னார்கள், எவ்வளவு ஏற்கப்பட்டது, ஏற்கப்படாதது ஏன் என்று வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டவேண்டும். தெருவுக்குத் தெரியாத ஃப்ரிட்ஜ் கிடையாது. பொய்யைப் பிடிக்க ரெவின்யூ இன்ஸ்பெக்டரைவிடப் பக்கத்து வீட்டு ஆயா போதும்.

இந்தத் தமிழ்நாட்டிலேயே இது நடந்திருக்கிறது. வேலூர் வழக்கின் தீர்ப்புக்குப் பின், சூழல் இழப்புக்கான ஆணையம் ஒன்று 1996இல் அமைக்கப்பட்டது. அது பாதிக்கப்பட்ட விவசாயிகளை ஒவ்வொருவராக அடையாளம் கண்டு, நிலத்தின் சேதத்தைக் கணக்கிட்டு, ஆலைகளிடமிருந்து வசூலிக்க ஏற்பாடு செய்தது. தாமதம் இருந்தது, குறைகள் இருந்தன. ஆனால் கணக்கின் திசை சரியாக இருந்தது: இழந்தவரிடமிருந்து தொடங்கி, கெடுத்தவரிடம் போய் முடிந்தது. கம்ப்யூட்டர் அரிதாக இருந்த காலத்தில் பாலாற்றங்கரையில் முடிந்தது, ஒவ்வொரு வீட்டிலும் ஸ்மார்ட்போன் இருக்கும் காலத்தில் கொசஸ்தலையாற்றங்கரையில் ஏன் முடியாது?

வேகம் வேண்டுமா? விசாகப்பட்டினத்தில் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையில் வாயு கசிந்தது 2020 மே 7. மறுநாள், மே 8, அந்த நிறுவனம் 50 கோடி ரூபாயை முதலில் கட்டவேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. பணம் முதலில், வாதம் அப்புறம். அங்கே உயிர்கள் போயின, அதனால் அந்த வேகம் என்று சொல்லலாம். அப்படியானால் நாம் சொல்லவருவது, எண்ணூர்க்காரர்கள் போதுமான அளவு சாகவில்லை என்பதா?

இலக்கியம் வாசிக்கும் நண்பர்களிடம் இதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். வடசென்னை நமக்கு நன்றாகத் தெரியும் என்று நினைக்கிறோம். கானா தெரியும், பாக்ஸிங் தெரியும், காசிமேடு தெரியும், படத்தில் வரும் சந்துகள் தெரியும். அந்த மக்களின் ‘தாங்கும் சக்தி’ பற்றிப் புல்லரிக்க எழுதத் தெரியும். எண்ணெயில் கறுத்த கையின் போட்டோவை ஸ்டேட்டஸ் வைத்தோம். தாங்குகிறார்கள் என்று நாம் வியக்கும் ஒவ்வொரு முறையும், கொடுக்கவேண்டியவரின் பில்லில் ஒரு தொகை தள்ளுபடி ஆகிறது. புயல் போன அதே டிசம்பர் 26 இரவில், பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அதையும் தாங்கினார்கள். தாங்காமல் வேறு என்ன செய்வது?

நாம் செய்யக்கூடியது சின்ன வேலை, ஆனால் எழுத்துத் தெரிந்தவர்களின் வேலை. பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்கச் சட்டம் கொடுக்கும் காலம் ஐந்து ஆண்டுகள். கலெக்டரிடம் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் போகவும் அதே ஐந்து ஆண்டுகள். மிக்ஜாம் எண்ணெய்க்கு அது 2028 டிசம்பரில் முடிகிறது. ஒரு லேப்டாப், ஒரு ஸ்ப்ரெட்ஷீட், சனி ஞாயிறு, கூட ஒரு வக்கீல். வீடு வீடாகப் போய், ‘உங்களுக்கு எவ்வளவு குடுத்தாங்க?’ என்பதை விட்டுவிட்டு, ‘உங்களுக்கு என்னென்ன போச்சு?’ என்று கேட்டு எழுதவேண்டும். வலை எத்தனை, அதன் விலை என்ன, எத்தனை நாள் கடலுக்குப் போகவில்லை, பிடித்த மீனை எத்தனை நாள் யாரும் வாங்கவில்லை, எந்த டாக்டருக்கு எவ்வளவு, எந்தச் சுவரில் எந்த உயரம் வரை கறை.

அந்தப் பட்டியலின் அடியில் ஒரு மொத்தத் தொகை வரும். அது எட்டுக் கோடியே அறுபத்தெட்டு லட்சமாக இருக்காது என்று மட்டும் நான் பந்தயம் கட்டுகிறேன். அந்த எண்ணை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு போகும் அன்றைக்கு, எண்ணூர்க்காரர் யாரிடமும் உதவி கேட்டுப் போகவில்லை. பாக்கி வசூலிக்கப் போகிறார்.